பாதத்தில் எங்கே, எப்படி, எவ்வளவு அழுத்துவது: சீன முறைக்கு ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால், பாத மசாஜ் கடைக்காரர்கள் விலைப்பட்டியலை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் கால் கடுத்துப்போய் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தேன். பிசைந்துகொண்டிருந்த பெரியவர், உள்ளங்காலின் நடுவில் விரல்முட்டியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். உயிர் போய் வந்தது. பாதத்தில் எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று குறித்துச் சுவரில் மாட்டியிருந்த வண்ணப் படத்தைக் காட்டி, "கிட்னி பலவீனம்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பருக்கும் அதே இடத்தில் வலித்தது. அவருக்கும் கிட்னி பலவீனம். அடுத்து வந்து உட்கார்ந்த பெண்மணிக்கும் அதே தீர்ப்பு. ஊர் திரும்பியதும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று இரவு ஒன்பது மணிக்குப் படுத்தவன், காலை ஏழு மணிக்குத்தான் கண் விழித்தேன். பல மாதங்களாக வாய்க்காத தூக்கம் அது.

அந்தப் பெரியவரின் கையை நம்பலாம், சுவரில் இருந்த படத்தை நம்ப முடியாது. இந்த வழிகாட்டி அந்தக் கைவேலையை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றியது.

படம் வந்த வழி

ஐயாயிரம் ஆண்டுச் சீன ஞானம் என்று சொல்லி விற்கப்படும் அந்தப் படம் உண்மையில் அமெரிக்காவில் பிறந்தது. ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்தார். ஒரு பட்டையில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பட்டையில் வேறோர் இடத்தின் வலி அடங்கும் என்றார். 1917இல் அது புத்தகமாக வந்தது. 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற அமெரிக்கப் பெண்மணி அந்தப் பட்டைகளைப் பாதத்துக்குள் சுருக்கி, எந்த உறுப்புக்கு எந்த இடம் என்று வரைந்து காட்டினார்.

அது சீனர்களிடம் போய்ச் சேர்ந்த கதை இன்னும் சுவையானது. ஜோசப் யூக்ஸ்டர் என்ற சுவிஸ் கத்தோலிக்கப் பாதிரியார் 1970இல் தைவானுக்கு வந்து, கிழக்குக் கடற்கரையில் உள்ள தைதுங் பகுதியில் ஊழியம் செய்தார். அவருக்குத் தீராத முழங்கால் வலி. சுவிஸ் செவிலியர் ஒருவர் எழுதிய பாத மசாஜ் புத்தகம் கைக்குக் கிடைக்க, அதைப் பார்த்துத் தன் பாதத்தைத் தானே அழுத்திக்கொண்டார். வலி குறைந்தது என்று நம்பி, பங்கு மக்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஊ ருவோஷி என்ற அவருடைய சீனப் பெயரிலேயே அந்த முறை 1980களில் தைவான் முழுவதும் பரவி, அங்கிருந்து ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா என்று கடல் தாண்டியது. மற்ற நாடுகளுக்கு அது சீன வைத்தியமாகவே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் சீனாவுக்குச் சொந்தமாக எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல், 'சி' என்னும் உயிராற்றல் உடலில் குறிப்பிட்ட தடங்களில் ஓடுவதாகச் சொல்கிறது. பன்னிரண்டு முதன்மைத் தடங்களில் ஆறு, பாதத்தைத் தொடுகின்றன. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகத் தடங்கள் பாதத்தில் தொடங்குகின்றன. வயிறு, பித்தப்பை, சிறுநீர்ப்பைத் தடங்கள் கால் விரல்களில் வந்து முடிகின்றன. அக்குபஞ்சர் புள்ளிகள் இந்தத் தடங்களின் மேல் இருப்பவை. பாதம் முழுவதும் உறுப்புகளின் வரைபடம் என்ற எண்ணம் இதில் கிடையாது. இன்றைய கடைகளில் இரண்டையும் ஒரே குழம்பாக்கிப் பரிமாறுகிறார்கள். கீழே எது எந்தப் பானையிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

2009இல் எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர், பாத அழுத்தம் பற்றிய 18 மருத்துவச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார். எந்த நோயையும் அது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் பாதத்தில் பொத்தான் இருப்பதாக யாராவது சொன்னால், பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் நின்ற காலின் கடுப்பு குறைவது, உடல் தளர்வது, தூக்கம் சீக்கிரம் வருவது ஆகிய மூன்றுக்காக மட்டும் செய்தால் ஏமாற்றம் இருக்காது. எனக்கு அந்த மூன்றே போதும்.

தொடங்கும் முன்: யார் செய்யக் கூடாது

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெந்நீரில் கால் வைப்பதும், விரல்முட்டியால் அழுத்திக்கொள்வதும் ஆபத்து. சூடும் வலியும் தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதைப் பிசையவே கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், பாதத்தில் புண், எலும்பு முறிவு, கீல்வாத வீக்கம் உள்ளவர்கள் எல்லோரும் இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கணுக்காலுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவ் என்ற புள்ளியைச் சீன மருத்துவர்களே தடுத்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் யாருக்கும் வேண்டாம்.

படி 1: கால் ஊறவைத்தல்

சீன வீடுகளில் இதற்குப் பெயர் பாவ்ஜியாவ். தூங்குவதற்கு முன் செய்வார்கள். மர வாளி இருந்தால் சூடு நிற்கும். நம் வீட்டு பிளாஸ்டிக் வாளியும் போதும். கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அகலத் தாம்பாளத்தில் விரல் நனையும் அளவுக்கு ஊற்றிக்கொண்டு உட்காருவதில் பயனில்லை.

சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும், 42ஐத் தாண்டக் கூடாது. வெப்பமானி இல்லையென்றால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஆறியதும் பக்கத்தில் உள்ள பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றலாம். ஊற்றும்போது காலை வெளியே எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, ஒரு வாரம் நொண்டினேன்.

தண்ணீரில் என்ன போடுவது? ஐந்தாறு துண்டு இஞ்சியைத் தட்டிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஊற்றுவது எளிது. சீனர்கள் அதிகம் போடுவது 'ஆய்' என்ற உலர்ந்த தழை. நம் மாசிபத்திரியின் நெருங்கிய உறவு அது. அதே கசப்பு கலந்த மணம். ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து கொதிக்கவைத்தால் வீடே மணக்கும். இவை நோயைத் தீர்ப்பதற்கல்ல, மணத்துக்கும் இதத்துக்கும்தான்.

பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். நெற்றியில் லேசாக வியர்வை அரும்பினால் காலை எடுத்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. வழிய வழிய வியர்க்கும் வரை உட்கார்ந்தால் எழும்போது தலை சுற்றும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. மின்சாரம் செலுத்தும் 'நச்சு நீக்கும்' கால் தொட்டி என்று ஒன்று விற்கிறார்கள். காலை வைத்ததும் தண்ணீர் பழுப்பாகும். உடலின் நச்சு இறங்குகிறது என்பார்கள். அதே தொட்டியில் காலே வைக்காமல் உப்பை மட்டும் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் பழுப்பாகும். உள்ளே இருக்கும் உலோகத் தகடு உப்புத் தண்ணீரில் அரிக்கப்படுவதால் வரும் துரு அது.

படி 2: கையைத் தயார் செய்தல்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காலை நன்றாகத் துடைத்து, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நான்கைந்து சொட்டுப் போதும். அதிகம் ஊற்றினால் விரல் வழுக்கி, அழுத்தம் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு வளையாவிட்டால் இன்னொருவரைச் செய்யச் சொல்வதே நல்லது.

கட்டைவிரலால் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தால் ஐந்தே நிமிடத்தில் விரல் மூட்டு வலிக்கும். தைவான் முறையில் கற்றுத்தருவது வேறு. ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல மடக்கி, அதன் நடு முட்டியை உள்ளங்காலில் பதிக்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலை மடங்கிய விரலுக்குள் கொடுத்து முட்டுக்கொடுத்தால் முட்டி சரியாது. மற்றக் கை பாதத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். அழுத்தும் பலம் விரலிலிருந்து வரக் கூடாது. தோள் முன்னே சாய, உடல் எடை அந்த முட்டியில் இறங்க வேண்டும். இது கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு அழுத்துவது? இந்த அழுத்தத்தில் வரவேண்டிய வலியைச் சீனர்கள் 'சுவான்' என்பார்கள். புளிப்புக்கும் அதே சொல்தான். தமிழில் அதற்குப் பக்கத்தில் வரும் சொல் கடுப்பு: உள்ளே இழுத்துப் பிடிப்பதுபோல வலிக்கும், விட்டதும் அப்பாடா என்றிருக்கும். குத்துவதுபோல், எரிவதுபோல் வலித்தால் அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாங்க முடிகிறது என்றாலும் அதிகம். அடுத்த நாள் நீலம் பாரித்தால், முந்தைய நாள் செய்தது முரட்டுத்தனம்.

படி 3: பாதத்தை இளக்குதல்

கணுக்காலைப் பிடித்து வலமும் இடமுமாகப் பத்துப் பத்து சுற்று. ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிக்கு உருவி, மெல்ல இழுத்து விடுங்கள். சொடக்கு விழ வேண்டும் என்பதில்லை. உள்ளங்கை இரண்டாலும் பாதத்தைப் பருப்பு கடைவதுபோல உரசிச் சூடேற்றுங்கள். ஒரு காலுக்கு இரண்டு நிமிடம்.

படி 4: வரைபடத்தின் வழியே ஒரு நடை

இது அமெரிக்க, சுவிஸ், தைவான் கலவை. உறுப்புகளை மறந்துவிட்டு, பாதத்தில் ஓர் இடமும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடது காலில் தொடங்குவது வழக்கம். உள்ளங்காலின் நடுவில், முன்பாதத்தின் சதைமேட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள குழிதான் 'சிறுநீரகம்'. முட்டியைப் பதித்து விரல் பக்கமிருந்து குதிகால் பக்கமாக மெல்ல நான்கைந்து முறை இழுங்கள். அங்கிருந்து பாதத்தின் உள்விளிம்பை நோக்கிச் சாய்வாக இறங்கும் கோடு 'சிறுநீர்க் குழாய்'. உள்கணுக்காலுக்குக் கீழே, குதிகால் தொடங்கும் முன் மெத்தென்று இருக்கும் இடம் 'சிறுநீர்ப்பை'. கழிவு வெளியேறும் வழியை முதலில் திறக்க வேண்டும் என்பது இந்த முறையின் தத்துவம். முடிக்கும்போதும் இதே மூன்றைத் தொடுவார்கள்.

புக்கிட் பிந்தாங்கில் எங்கள் மூன்று பேருக்கும் வலித்த இடம் அந்த முதல் குழிதான். குதிகாலிலிருந்து விரல்வரை வில்லின் நாண்போல ஓடும் தடித்த தசைநார்ப் பட்டை அந்த வழியாகத்தான் போகிறது. நாள் முழுவதும் நடந்த எவருக்கும் அங்கே வலிக்கும். அதை வைத்துச் சிறுநீரக ஆரூடம் சொன்னால் பெரும்பாலும் 'பலித்துக்கொண்டே' இருக்கும்.

பிறகு விரல்களின் அடிச்சதை, ஒவ்வொன்றிலும் மூன்று முறை. படத்தில் இவை தலை, கண், காது. முன்பாதத்தின் மேடு நுரையீரல். அதில் குறுக்காக, கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கம் போங்கள். வளைவின் மேற்பகுதி வயிறு, கீழ்ப்பகுதி குடல். இங்கே தோல் மெல்லியது, அழுத்தத்தைக் குறையுங்கள். குதிகால் தடித்தது, நன்றாக அழுத்தலாம். பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்பு. கட்டைவிரலால் நுனியிலிருந்து குதிகால்வரை வருடுங்கள். என்னைக் கேட்டால் இந்த நடையில் மிகச் சுகமான இடம் இதுதான், இரண்டு முறை கூடுதலாகவே செய்வேன். வெளிவிளிம்பு தோளும் முழங்காலும்.

இதயம் இடது காலில் மட்டும், கல்லீரல் வலது காலில் மட்டும் என்று படத்தில் இருக்கும். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், இரண்டு காலையும் ஒன்றுபோலச் செய்யுங்கள். ஒரு காலுக்கு எட்டு நிமிடம்.

படி 5: நான்கு புள்ளிகள்

இனி வருவது பழைய சீனச் சரக்கு. அளவு பார்க்க 'சுன்' என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். யாருடைய காலோ அவருடைய கைதான் அளவுகோல்: கட்டைவிரல் முட்டியின் அகலம் ஒரு சுன், நான்கு விரல்களைச் சேர்த்துவைத்தால் மூன்று சுன். ஆறடி மனிதருக்கும் குழந்தைக்கும் கணக்கு தானாகச் சரியாகிவிடும். எளிமையான ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது.

*யோங்ச்சுவான்.* பொங்கும் ஊற்று என்று பொருள். சிறுநீரகத் தடத்தின் முதல் புள்ளி. கால் விரல்களை உள்ளே மடக்குங்கள். முன்பாதத்தில், இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நேர் கீழே ஒரு குழி விழும். அதுதான். மேலே சொன்ன 'சிறுநீரகம்' இதற்கு ஒட்டினாற்போல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு முறைகளும் வந்து உரசிக்கொள்ளும் இடம். இதை முட்டியால் குத்துவதைவிட, எதிர்க் கையின் உள்ளங்கையால் தேய்ப்பதே வழக்கம். நூறு முறை என்பார்கள். நான் எண்ணுவதில்லை, சூடு உள்ளே இறங்கும் வரை தேய்ப்பேன்.

*தாய்ச்சோங்.* கல்லீரல் தடம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் விரலை வைத்து, புறங்காலில் மேல்நோக்கி நகர்த்துங்கள். இரண்டு எலும்புகள் சேரும் இடத்துக்குச் சற்று முன் விரல் ஒரு பள்ளத்தில் விழும். கோபத்துக்கும் எரிச்சலுக்கும் சீன மருத்துவர்கள் தேடும் புள்ளி இது. இங்கே எலும்பும் நரம்பும் தோலுக்கு அருகில் இருப்பதால் முட்டி வேண்டாம். கட்டைவிரலை வைத்து மூச்சை விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்துங்கள். ஒரு நிமிடம்.

*தாய்ஷி.* பெரும் ஓடை. உள்கணுக்கால் எலும்பின் முனைக்கும் பின்னால் உள்ள குதிநாணுக்கும் நடுவில். விரலை மெல்ல வைத்தால் நாடி துடிப்பது தெரியும். துடிப்பைக் கண்டுபிடித்த பிறகு அதன்மேல் அழுத்தாமல் பக்கத்தில் மெதுவாக வட்டமிடுங்கள். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹான் அரச மரபுக் காலச் சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், தன் காலத்து வைத்தியர்கள் கை நாடியைப் பார்த்துவிட்டுக் கால் நாடியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்று திட்டி எழுதியிருக்கிறார். இன்று சர்க்கரை நோயாளியின் காலைச் சோதிக்கும் மருத்துவரும் நாடி தேடும் இடங்களில் இது ஒன்று. நீங்கள் தேடியும் துடிப்பு தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம், சிலருக்குக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்ற தொந்தரவும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*சான்யின்ஜியாவ்.* மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகத் தடங்கள் மூன்றும் சந்திக்கும் இடம். உள்கணுக்கால் முனையிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்பின் பின் ஓரத்தில். தூக்கமின்மைக்கும் மாதவிடாய் வலிக்கும் இதை அழுத்துவது வழக்கம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன். ஒரு காலுக்கு ஒரு நிமிடம்.

நம் ஊர் அக்குபஞ்சர்காரர்கள் இவற்றைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லியே குறிப்பிடுவார்கள். இடம் ஒன்றுதான்.

படி 6: முடித்தல்

சிறுநீரகம், குழாய், பை என்ற அந்த மூன்று இடங்களை இன்னொரு முறை வருடிவிட்டு, பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து அரை நிமிடம் சும்மா இருங்கள். எண்ணெயைத் துடையுங்கள், எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடப்பது, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்றிரண்டு குவளை குடியுங்கள். அரை லிட்டர் குடிக்கச் சொல்வது தைவான் வழக்கம். இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீருக்கு அளவு விதிக்கப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

வாரத்தில் மூன்று நாள் போதும். கால் ஊறவைப்பதை மட்டும் தினமும் செய்யலாம். நேரமில்லாத நாளில் படுக்கையில் உட்கார்ந்து யோங்ச்சுவானைத் தேய்த்துக்கொண்டாலே தூக்கம் வருகிறது. சிங்கப்பூர் குடியிருப்புகளிலும் நம் ஊர்ப் பூங்காக்களிலும் கூழாங்கல் பதித்த நடைபாதை இருக்கிறதே, அதுவும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். முதல் நாள் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மரத்துப்போன காலோடு ஏறவே கூடாது.

இன்னொருவருக்குச் செய்யும்போது

என் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் செய்துவிடுகிறேன். எழுபது தாண்டியவர்களின் பாதத்தில் சதை வற்றியிருக்கும். முட்டியைப் பதித்தால் நேராக எலும்பில் இடிக்கும். கட்டைவிரலின் சதைப்பகுதியால் மட்டும், பாதி பலத்தில் அழுத்துங்கள். "வலிக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆகவே முகத்தைப் பாருங்கள், கால் விரல்களைப் பாருங்கள். வலி அதிகமானால் விரல்கள் தாமாகச் சுருங்கும். அம்மா பெரும்பாலும் வலது காலுக்கு வருவதற்குள் தூங்கிவிடுகிறார். அப்போது எழுப்பாமல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.